குதிரையை மேற்பார்வை பார்த்த பரம்பரை

அஜ்மானில் வாடகை குறைவு. அதனால் பலவகை ஜீவன்கள் அங்கே குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 'அந்தக்காலத்தார்' என்று பெயர் வைக்கலாம். அடையாளம் சுலபம். உடம்பு எட்டுப் பேர் படுக்கும் அறையில் கிடக்கும், விசாவும் இந்த நூற்றாண்டுக்குத்தான் அடித்திருக்கும், ஆள் மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தி வாழ்ந்துகொண்டிருப்பார். உங்கள் அறையிலும் ஒருவர் இருக்கக்கூடும். மேல்கட்டிலா கீழ்க்கட்டிலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரிக்கு ஒருவர் போதும். பெயர் முனியசாமி. ராமநாதபுரம் பக்கம். துபாய் சைட்டில் பிளம்பிங் வேலை. இந்த இனத்தில் சிலருக்கு அந்தக் காலத்து விமானம் பிடிக்கும், சிலருக்கு அந்தக் காலத்து மருத்துவம். முனியசாமிக்குக் குதிரை. விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றுவிட, எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"அந்தக் காலத்துல நம்மாளுக குதிரையில போயிருந்தா இந்நேரம் வேலைய முடிச்சுட்டே திரும்பியிருப்பாய்ங்க."

அவருடைய பழங்காலக் கிராமத்தில் குதிரைதான் உழுதது, குதிரைதான் கமலையில் தண்ணீர் இறைத்தது, செக்கைச் சுற்றியது, போரடித்தது, மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாவிட்டால் தானே திரும்பக் கொண்டுவந்தது, ஊரில் யாருக்காவது வலி எடுத்தால் சொல்லாமலே போய் மருத்துவச்சியை ஏற்றிக்கொண்டு வந்தது, பிறந்த பிள்ளைக்கு வாலால் ஈ ஓட்டியது. மாடு என்ன செய்தது? பால் கொடுத்தது. அது போதாதா?

அறையில் மரியராஜ் என்று ஒருவர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஏசி மெக்கானிக். கேள்வி கேட்கிற வியாதி அவருக்கு உண்டு.

"எல்லா சோலியையும் குதிரையே பாத்துட்டுன்னா மனுசங்க என்னண்ணே செஞ்சாவ?"

"மேற்பார்வை பாத்தாய்ங்க."

"எல்லாருமா?"

"ஊர் பூராவும்."

பகல் முழுக்க சூப்பர்வைசரிடம் 'ஜல்தி, ஜல்தி' என்று வாங்கிக் கட்டிக்கொள்ளும் மற்ற ஏழு பேரும் இதைக் கேட்டுத் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார்கள். அப்படி ஓர் ஊர் இருந்திருந்தால் நன்றாகத்தானே இருக்கும்!

முனியசாமியின் வலது தோளில் ஒரு காய்ப்பு உண்டு. ஆறு வருஷம் குழாய் சுமந்ததில் வந்தது. அதையும் விடமாட்டார். "குதிரையில போறப்ப அம்பறாத்தூணி தொங்குன தடம். பரம்பரையா வர்றது" என்பார்.

இத்தனை வாய் படைத்தவருக்கும் ஒரு துக்கம் இருந்தது. மகள் பிறக்கும்போது மனைவி ஜோதிமணி செத்துப் பிழைத்தாள். தாயும் பிள்ளையும் தப்பித்தால் திருவிழாவுக்கு வந்து நேர்த்திக்கடனைச் செலுத்துகிறேன் என்று ஊர் ஐயனாரிடம் முனியசாமி வேண்டிக்கொண்டார். ஐயனார் தம் வேலையைச் செய்துவிட்டார். இவரால் போக முடியவில்லை. முதல் வருஷம் லீவு கேட்டதற்கு அடுத்த வருஷம் என்றார்கள், அடுத்த வருஷம் கேட்டதற்கு ஆள் மாஃபி, அதாவது ஆள் இல்லை, என்றார்கள். லீவு குதிரைக்கொம்பாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் திருவிழா.

அப்போதுதான் கேம்ப் பொறுப்பாளர் சுஐபு வந்தார். கீழக்கரைக்காரர்.

"முனியசாமி, நம்ம முதலாளி அர்பாபோட பண்ணையில குதிரை பாக்குறவன் திடீர்னு ஊருக்குப் போயிட்டான். ரெண்டு நாளா குதிரை வாயில ஒண்ணும் வைக்கல. டாக்டர் பாத்துட்டு, உடம்புல ஒரு குறையும் இல்ல, ஆளைத் தேடுதுன்னுட்டாரு. உன் பரம்பரையப் பத்தி நான்தான் அர்பாப்கிட்ட எடுத்து விட்டேன். குதிரை வாயத் தொறந்துச்சுன்னா உன் லீவுப் பேப்பர்ல கையெழுத்து."

"வாயத் தொறக்கலன்னா?"

"நீயும் தொறக்கக் கூடாது."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார். அந்தக்காலத்தார் சொல்லுவாரா? அன்று சாயங்காலமே மூன்று கிலோ கொள்ளு வாங்கி வேகவைத்து, பூண்டு தட்டிப் போட்டு, நெய்யில் தாளித்தார். வாசனை பிடித்து மாடியிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. குதிரைக்கு என்றதும் பாதிப் பேர்தான் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பண்ணை. குதிரைக்குத் தனி அறை, தனி ஏசி, தனி பாஸ்போர்ட். வெயில் ஏறினால் வேலை கிடையாது. கோடையில் குளிர்நாட்டுக்குப் போய்விடும். லீவுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தார்கள். வெள்ளைப் பெட்டைக் குதிரை, ஓர் ஆளுக்கு மேல் உயரம், மூச்சு விட்டது.

மூச்சு விடும் என்று முனியசாமி எதிர்பார்க்கவில்லை. பயந்துபோனால் மனிதன் பழகியதைத்தான் செய்வான். செருப்பைக் கழற்றினார். தலைத்துண்டை இடுப்பில் கட்டினார். பத்தடி தள்ளி, கையோடு கொண்டுவந்த தலைவாழையிலையை விரித்து, கொள்ளைக் குவித்துப் படைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.

"யே கியா கர்தா ஹை?" இவன் என்ன செய்கிறான் என்று அர்பாப் சுஐபைக் கேட்டார். சுஐபுக்கும் தெரியவில்லை.

குதிரை வந்து முகர்ந்து பார்த்தது. கொள்ளை மூக்கால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, இலையை ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. காம்பு வரைக்கும் தின்றது. தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்பதுபோல் முனியசாமியைப் பார்த்தது. மிச்சமிருந்த இரண்டு இலையைச் சுஐபு எடுத்துப் போட்டார், அதையும் தின்றது.

அர்பாப் முகம் மலர்ந்துவிட்டது. சுஐபு மொழிபெயர்த்தார்: "உங்க ஊர்ல அந்தக் காலத்துல குதிரை என்னென்ன வேலை செஞ்சுச்சுன்னு கேக்குறாரு. அள்ளி விடு."

அதுதான் சமயம். உழவு, கமலை, செக்கு எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கின்றன. ஆனால், கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. கும்பிட்ட கையோடு எப்படிப் பொய் சொல்வது?

"ஒரு வேலையும் செய்யாது பாய். அது மண்ணுக்குதிரை. வேண்டிக்கிட்டவுக செஞ்சு வாங்கி, தோள்ல தூக்கி, ஐயனார் கோயில்ல கொண்டுபோய் நிறுத்துவோம். எங்கப்பனும் தூக்குனாரு, அவருக்கு அப்பனும் தூக்குனாரு. எங்க ஊர்ல குதிரை யாரையும் சுமந்ததில்ல, நாங்கதான் குதிரையச் சுமந்தோம். எம் மகளுக்கு நேர்ந்த குதிரை ரெண்டு வருசமா தூக்க ஆளில்லாம அதைச் செஞ்ச வேளார் வீட்டு வாசல்லயே நிக்குது."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. சுஐபு வெகுநேரம் மொழிபெயர்த்தார். அர்பாப் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். பிறகு பேனா கேட்டார்.

திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? பெட்டி கட்டும்போதே ஆரம்பித்துவிட்டார். "அந்தக் காலத்துல நம்ம குதிரைக வாழையிலையத் தவிர வேற எதையும் தொடாது. அரபிக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மரியராஜ் இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை. குதிரை ஒதுக்கிய கொள்ளை அறையே இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருந்தது, அவர் வாயிலும் அதுதான்.

நீங்கள் சிரிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு முப்பாட்டனார் குதிரைமேல் உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ யாரிடமாவது அவரைப் பற்றிச் சொல்லியும் இருப்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், யார் தடுக்கிறார்கள்? சொல்வதற்கு முன்னால் சட்டையைக் கொஞ்சம் விலக்கி, வலது தோளில் தடம் ஏதும் இருக்கிறதா என்று ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.