பல்லில் வந்த அடைப்பு

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் சகோதரியின் கணவன் நலமாக எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மச்சான், இந்தத் 'தாங்கள்' எல்லாம் இதோடு போதும். முதலில் பெட்டியைக் கீழே வை. டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய். உன் அக்கா உயிரோடு இருக்கிறாள். இப்போதுகூடச் சமையலறையிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நேற்று போனில் நான் அழுததையும், "அக்கா நம்மள விட்டுப் போயிடுவா போலிருக்குடா" என்று சொன்னதையும் மறந்துவிடு. என் நிலைமையில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நடந்ததைக் கேள்.

உன் அக்காவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வேண்டும் என்று பல் டாக்டரம்மாவிடம் போனோம். பத்தரை மணிக்கு உள்ளே போனவள் பதினொன்றரைக்கு வெளியே வந்தாள். மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். கன்னத்துக்குள் பஞ்சு. கையில் ஒரு சீட்டு. அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டைப் பிரித்தேன். கோழி கிளறிய கையெழுத்தில் ஒரே ஒரு வரி: 'அக்லூஷன் அதிகம். மறுபடி பார்க்க வேண்டும்.' எனக்கு அந்தச் சொல் புரியவில்லை. நம் மாப்பிள்ளை மருந்துக்கடையில்தானே இருக்கிறார் என்று போன் போட்டேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது. "அக்லூஷன்னா அடைப்பு மாமா, ரத்தக் குழாய் அடைப்பு. யாருக்கு?" என்றார். போனை அப்படியே வைத்துவிட்டேன்.

மச்சான், முப்பத்திரண்டு வருடம் நான் நீர்க்குழாய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவன். அடைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு தெருவில் அடைத்தால் நாலு தெருவில் தண்ணீர் வராது. திரும்பி உன் அக்காவைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது! உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது, அவளுக்கே தெரியவில்லை. "என்னம்மா பண்ணுது?" என்று கத்தினேன். "இழு ழழ்ழுக்கு..." என்றாள். அவள் சொன்னது 'இது பல்லுக்கு.' என் காதில் விழுந்தது 'இழுக்குது.' கை கால் இழுக்கிறதாம்! நான் போட்ட கூச்சலில், பல் வலியோடு வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வலியை மறந்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

உன் அக்கா வண்டியில் ஏற மாட்டேன் என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அதையும் நான் வலிப்பு என்றுதான் நினைத்தேன். போகிற வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் "பேசாதம்மா, சக்தி வீணாகும்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உன்னிடம் மறைப்பானேன், உள்ளுக்குள் ஆடிப்போய்விட்டேன். தினமும் அவள் உள்ளங்கையில் வைக்கிற மாத்திரையில் எது காலைக்கு, எது மாலைக்கு என்றுகூட எனக்குத் தெரியாது. இவள் இல்லாமல் நாளைக் காலை எப்படி விடியும் என்று நினைத்தேன். அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓடி வந்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர், "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றார். இருந்த கோபத்தில் அவள் எங்கே சிரிப்பாள்? பல்லைக் காட்டினாள். அரை வாய்தான் திறந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது. "ரெண்டு கையையும் தூக்குங்க." தூக்கினாள். ஒரு கையின் ஆள்காட்டி விரல் என்னை நோக்கி ஆடியது. "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று என்னைக் கேட்டார். நான் பதிலுக்கு, "அடைச்சிருக்கறது எத்தனை அங்குலக் குழாய் டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தலையைப் படம் எடுக்கத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் சீட்டின் ஞாபகம் வந்து நீட்டினேன்.

டாக்டர் படித்தார். சீட்டின் மேல்மூலையில் ஒரு பல் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

"இதை யார் குடுத்தா?"

"பல் டாக்டரம்மா."

"பல் டாக்டரா?"

படுக்கை நின்றது. டாக்டர் குனிந்து அவள் கன்னத்திலிருந்து பஞ்சை எடுத்தார். மச்சான், அடைப்பு எடுத்த குழாய் எப்படிப் பீறிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பீறிட்டு நான் பார்த்ததில்லை. "ழல்லு! ழல்லு! ழல்லுன்னு எத்தனை தடவ சொன்னேன்!"

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "ஐயா, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பொருந்துதுங்கறதுதான் பல் வைத்தியத்துல அக்லூஷன். புது உறை கொஞ்சம் உசரமா இடிக்குது, தேய்க்கணும்னு எழுதியிருக்காங்க. அதே வார்த்தை எங்ககிட்ட வந்தா ரத்தக் குழாய் அடைப்பு."

"ஒரே வார்த்தைக்கு இப்படி ரெண்டு அர்த்தம் வெக்கலாமா டாக்டர்? குடும்பஸ்தன் தாங்குவானா?"

"ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான், மூடுறது. அங்க வாய் மூடுது, இங்க குழாய் மூடுது."

"அப்ப முதல்ல இவர் வாய மூடச் சொல்லுங்க" என்றாள் உன் அக்கா. இந்த வாக்கியம் மட்டும் சுத்தமாக வந்தது.

ஆகவே மச்சான், பயப்பட ஒன்றுமில்லை. இனி யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் பதறாதே. பல் சமாச்சாரம். உன் வீட்டில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இடிக்காமல், மேல் மாடியும் கீழ் மாடியும் சண்டையில்லாமல் நெடுங்காலம் வாழ வாழ்த்துகிறேன். குழந்தைகளுக்கு முத்தங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உன் அத்தான்

பி.கு.: எழுத மறந்தேன். நேற்று எனக்கு வியர்த்துக் கொட்டியதைப் பார்த்து ஒரு நர்ஸம்மா என் நெஞ்சிலும் ஒயரை ஒட்டிச் சோதித்தார். பெரிய டாக்டர் இன்றுதான் அதைப் பார்த்தாராம். சற்றுமுன் போன் வந்தது. "ஐயா, உங்களுக்கு அக்லூஷன் இருக்கற மாதிரி தெரியுது, உடனே வாங்க" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு இருப்பதே கட்டுப்பல்! "கழட்டி நானே தேய்ச்சுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ரொம்பச் சிரித்ததில் நெஞ்சு கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி, அக்கா எழுதுறேன். நானே திரும்பப் போன் பண்ணிக் கேட்டுட்டேன். பல்லு இல்லடா, நெஞ்சு. வண்டி வாசல்ல வந்து நிக்குது. இவர் பல் செட்டைக் கழட்டிக் காகிதத்துல சுத்தி, "இத மட்டும் குடுத்தனுப்பு, போதும்"னு அடம் பிடிக்கிறார். சீக்கிரம் கூட்டிட்டு வந்தா சரி பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றார். இந்த லெட்டரைப் போட்டோ எடுத்து இப்பவே உன் போனுக்கு அனுப்புறேன். மேல இருக்கற எதையும் படிக்காத. கிளம்பி வா.