எல்லா நோட்ஸும் இவரிடம் இருக்கிறது

சட்டக் கல்லூரி மாணவர்களில் நோட்ஸ் திரட்டி என்றோர் இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில், யாரோ ஒருவருடைய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஓரம் வெட்டுப்படாம போடுங்கக்கா" என்று மன்றாடி நிற்பவர்தான் அவர். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண்ணின் நோட்ஸ், படித்து முடித்துப் போய்விட்ட சீனியரின் நோட்ஸ், அந்தச் சீனியருக்கே அவருடைய சீனியர் கொடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன நோட்ஸ், பேராசிரியர் சொன்னது, சொல்லாதது, இருமியது வரை எழுதி வைத்திருக்கும் முதல் பெஞ்சுக்காரரின் நோட்ஸ், எல்லாம் இவரிடம் உண்டு. படித்தாரா என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். இன்னும் திரட்டியே முடியவில்லை.

இவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பாவமாகவும் இருக்கிறது. சட்டப் படிப்பென்றால் சும்மாவா? செங்கல் கனத்தில் ஏழு புத்தகம். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் யாரோ யார் மேலோ வழக்குப் போட்டிருக்கிறார்கள். நினைத்தாலே பயம் வரும். ஒரு கட்டு நோட்ஸ் கைக்கு வந்ததும் அந்தப் பயம் தெளிந்து, பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வரும்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கல்லூரியில் 'பீரோ' என்றே பெயர். ஒப்பந்தச் சட்டம் அவரை ஏற்கெனவே இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தது. மூன்றாவது முறையும் போனால் கடைசி வருடத்துக்குள் நுழைய முடியாது; கூடப் படித்தவர்கள் கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுக்கும்போது இவர் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான். அதனால் இந்த முறை உயிரைக் கொடுத்து உழைத்தார். அதாவது, அடுக்கினார். பாடத்துக்கொரு ஃபைல், ஃபைலுக்கொரு நிறம், நிறத்துக்கொரு பட்டியல், பட்டியல்களுக்கெல்லாம் ஒரு பட்டியல்.

பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய அப்பா, சும்மா இருக்கப் பிடிக்காமல், தாள்களில் ஓட்டை போட்டுக் கோக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். ஓட்டை போட்ட மனிதர் அதோடு நின்றாரா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வழக்காகப் படிக்கவும் ஆரம்பித்தார்.

தேர்வன்று காலை, சாப்பிட உட்கார்ந்த மகனிடம் அவர் மனம் தாங்காமல் பேசினார்.

"டேய், அந்த ஏலத்துக்குப் போன ஆளு பாவம்டா. விளம்பரத்தப் பாத்துட்டு அவ்வளவு தூரம் வந்திருக்கான், வந்தா ஏலமே இல்லேங்கிறாங்க. நஷ்ட ஈடு கேட்டா, விளம்பரம் போட்டது சும்மா 'வாங்க, விலை கேளுங்க'ன்னு கூப்பிட்டதுதான், வாக்குக் குடுத்ததா ஆகாது, ஒண்ணும் கிடையாதுன்னுட்டாரு ஜட்ஜு..."

"அப்பா! அந்தத் தாள எடுத்தீங்களா?" பீரோவின் முகம் வெளுத்துவிட்டது. "பச்சை ஃபைல், மூணாவது தாள், ஓரத்துல டீக் கறை. எடுத்த எடத்துலயே வெச்சீங்களா?"

"வெச்சிட்டேண்டா."

"தலைகீழா வெக்கலையே?"

"அவன நிம்மதியா சாப்பிட விடுங்களேன்" என்றார் அம்மா. அப்பா சட்னிக் கிண்ணத்தை மகன் பக்கம் நகர்த்தினார்.

தேர்வில் மூன்றாவது கேள்வி, பதினைந்து மதிப்பெண்: ஏலம் நடத்துவதாக விளம்பரம் செய்துவிட்டு நடத்தாமல் விட்டால், நம்பி வந்தவர் நஷ்ட ஈடு பெற முடியுமா? பீரோ துள்ளிக் குதிக்காத குறை. கண்ணை மூடினார். பச்சை ஃபைல் வந்தது. மூன்றாவது தாள் வந்தது. டீக் கறை வந்தது, அது யாருடைய கையெழுத்து, எந்தக் கிழமை எடுத்த பிரதி என்பதெல்லாம் வரிசையாக வந்தன. அதில் எழுதியிருந்தது மட்டும் வரவில்லை. காலையில் அப்பா ஏதோ சொன்னாரே? அவர் வாய் அசைந்தது வரைக்கும் நினைவிருந்தது. கடைசியில், தாராளமாகப் பெறலாம் என்று முடிவுசெய்து, மனிதாபிமானம் சொட்டச் சொட்ட இரண்டு பக்கம் எழுதினார்.

நான்கு மதிப்பெண்ணில் போயிற்று.

முடிவு வந்த அன்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ஏலக் கேஸு வந்துச்சாப்பா?"

"வந்துச்சு. அவனுக்கு நஷ்ட ஈடு உண்டுன்னு எழுதிட்டேன்."

அப்பா பச்சை ஃபைலை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "எனக்கும் அதுதாண்டா ஆசை" என்றார். பீரோ, அந்த இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். எழுதும்போது எனக்கே என்னவோ செய்கிறது.

இனித் திருந்திவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மறுவாரமே ஜெராக்ஸ் கடை வாசலில் பார்த்தேன். முகத்தில் அப்படி ஒரு களை. "இந்தத் தடவை பேராசிரியரோட சொந்த நோட்ஸே கிடைச்சிருச்சுங்க!"

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் 'இது நம்ம மச்சானுக்கு அப்படியே பொருந்தும்' என்று இந்தப் பக்கத்தை இப்போது கைபேசியில் படமெடுத்தீர்களே, அதற்கு முன்னால் அதே கைபேசியில் நீங்கள் எடுத்துவைத்த படங்கள் எத்தனை, அவற்றில் திரும்பப் படித்தது எத்தனை என்று கொஞ்சம் பாருங்கள். இப்போதே பாருங்கள். சாவகாசமாகப் பார்க்கலாம் என்று எங்காவது குறித்து வைத்துவிடாதீர்கள்.