வெய்னின் ஒரே டிரை

"ஒரே ஒரு பேருதானே கோரலக்கா? பெயிண்ட்டு தீந்தா போயிரும்?"

கலன்டா ரக்பி கிளப்பின் தலைவி கோரல் டன்ஸ்டனிடம் வெய்ன் ஹாலரன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கிளப் மதுக்கூடத்தில் ஒரு பலகை தொங்குகிறது. ஒவ்வொரு சீசனிலும் அதிக டிரை போட்டவன் பெயர் அதில் தங்க எழுத்தில் ஏறும். எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தை மண்ணில் பதித்தால் ஒரு டிரை, நாலு புள்ளி. பதிப்பதற்குள் கைநழுவினால் ஒன்றுமில்லை. குப்பை லாரி ஓட்டும் வெய்னுக்கு பீரோ மாதிரி உடம்பு. பதினோரு வருடமாக முன்வரிசையில் நின்று முட்டுகிறான். பலகை பக்கம் பார்க்கும்போதெல்லாம் பீரைச் சத்தமாக உறிஞ்சுவான்.

இந்த வருடம் கொரோனாவால் சீசன் தாமதமாகத் தொடங்கியது. முதல் ஆட்டம் முடிந்த வாரமே செத்தும் போனது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம். தடுப்பு வைத்து எல்லையை மூடிவிட்டார்கள். லீக்கில் பாதி ஊர் அக்கரையில் மாட்டிக்கொண்டது.

நடந்த ஒரே ஆட்டத்திலும் அக்கரை வில்லமோன்காரர்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஐம்பத்தெட்டுக்கு நாலு. அந்த நாலும் வெய்ன் போட்டது. கொட்டும் மழையில், ரெஃபரியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தான். நாங்கள் காருக்குள் உட்கார்ந்து, வைப்பர் இடைவெளியில் பார்த்தோம். அவன் சேற்றிலிருந்து முகத்தை எடுக்குமுன்னே கேப்டன் ஜாரட் நைட்லி "டிரை!" என்று கத்தினான். மற்ற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாவம், சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

"எழுதிரலாம்டா," என்றாள் கோரல். "சீசன்ல நாம போட்டதே ஒரு டிரை. நீதான் ராஜா."

வெய்ன் அவளைக் கட்டிப்பிடிக்கப் போய், கொரோனா ஞாபகம் வந்து, பக்கத்திலிருந்த கம்பத்தைக் கட்டிப்பிடித்தான்.

மறுநாள் ஜாரட் ஓடி வந்தான்.

"அக்கா, பெயிண்ட்ட மூடுங்க! சீசன் நடந்ததா கணக்கு வச்சா, ஓட்டமும் உண்டே!"

எங்கள் ஊர் வழக்கம் அது. சீசன் முழுக்க ஒரு டிரைகூடப் போடாதவன், கடைசியில் பூட்ஸும் சாக்ஸும் மட்டும் மாட்டிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும். மற்றவர்கள் எப்படியோ ஒன்று போட்டுத் தப்பித்துவிடுவார்கள். வெய்ன் மட்டும் வருடா வருடம் ஓடுவான். அவன் பின்பக்கம் ஊருக்கே மனப்பாடம்.

இப்போது வெய்னைத் தவிர மிச்சம் பதினாறு பேரும் ஓட வேண்டும். அதில் ஆள் குறைகிறதென்று கடைசிப் பத்து நிமிடம் இறக்கிவிடப்பட்ட பள்ளித் தலைமையாசிரியர் பெல்லமியும் அடக்கம்.

"லீக்கே சீசன் செல்லாதுன்னுட்டான்," என்றான் ஜாரட். "நமக்கு மட்டும் என்ன?"

வெய்னுக்கு இளகிய மனசு. "சரி மச்சான், என் டிரைய மட்டும் வச்சுக்குங்க, ஓட்டத்த விட்ருங்க" என்று சமாதானம் பேசினான். அதுதான் வினையாகப் போயிற்று. செய்தி நெட்பால் பெண்கள் அணிக்கு எட்டியது.

"அதெப்படி விடுவீங்க?" என்று மறுநாளே பதாகையோடு வந்துவிட்டார்கள். "பதினோரு வருஷமா ஒரே ஆளப் பாத்துட்டிருக்கோம்! எங்களுக்கும் ஒரு மாறுதல் வேணாமா?"

ஜாரட் சட்டத்தைப் பிடித்தான். "கும்பல் கூடக் கூடாது, போலீஸ் பிடிக்கும்." உதவி செய்கிறேன் பேர்வழி என்று வெய்ன் நேராக சார்ஜென்ட் ஃபிப்ஸிடமே போய்க் கேட்டான். அவர் குறிப்புகளை ரொம்ப நேரம் புரட்டினார்.

"திறந்தவெளி உடற்பயிற்சிக்குத் தடை இல்லப்பா. ஆனா ஆளுக்கு ஆள் இடைவெளி விடணும். முகக்கவசம் போட்டா நல்லது."

"முகத்துக்கு மட்டுமாங்க?"

"சட்டத்துல முகத்தப் பத்திதான் போட்டிருக்கு."

அதாவது, கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்து ஓடவும் வழியில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக, ஊர் முழுக்க நிதானமாகப் பார்க்கும்படி ஓட வேண்டும். அந்த வாரம் வெய்னின் லாரி சத்தம் கேட்டாலே பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தலைமையாசிரியர் மனைவி அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. கேள்விதான்; எனக்கு மூன்று பேர் சொன்னார்கள்.

கடைசியில் கோரல் மைதானத்திலேயே கூட்டம் போட்டாள். தள்ளித் தள்ளி நாற்காலி.

"குளிர் பல்ல உடைக்குது," என்றான் ஒருத்தன். "எனக்கு மூட்டு வலி," என்றான் இன்னொருத்தன். பெல்லமி கல்வித்துறையை இழுத்தார்.

"சரி, வேற?" என்றாள் கோரல். "அந்த டிரையப் பத்தி யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

பெல்லமி இருமினார். ஜாரட் தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

வெய்ன் எழுந்தான்.

"விடுங்கடா. எனக்காக யாரும் மானத்த விட வேணாம். பேரு வேணாம்." நாற்காலியை மடக்கினான். "அன்னிக்கு வீட்டுக்குப் போயும் ஜெர்சியக் கழட்டல, தெரியுமா? சேத்தோட அப்படியே படுத்துட்டேன். எம் பொண்டாட்டி ஷெரில் திட்டித் தீத்துட்டா. திட்டிட்டு, காலைல அவளும் அத துவைக்கல. அது போதும் எனக்கு."

அவன் லாரியை நோக்கி நடந்தான். பதினாறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டேய் பீரோ!" என்று கத்தினான் ஜாரட். எழுந்து தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வீசினான். "கோரலக்கா, பெயிண்ட்ட எடுங்க. ஞாயித்துக்கெழம காலைல ஓடுறோம்."

"நானுமா?" என்றார் பெல்லமி.

"நீங்கதான் சார் மொதல்ல."

அவர்கள் மனம் மாறியதற்குக் காரணம், குப்பை வண்டி வராமல் போய்விடும் என்ற பயம்தான் என்று ஊரில் பேசிக்கொண்டோம். நானும் நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிறு காலை புல்லில் உறைபனி. மைதானத்தைச் சுற்றிக் கார்கள். முகக்கவசமும் பூட்ஸும் சாக்ஸுமாகப் பதினாறு பேர், சட்டப்படி இடைவெளி விட்டு, நடுங்கிக்கொண்டே ஓடினார்கள். ஹாரன் சத்தத்தில் கிளிக்கூட்டம் கலைந்து பறந்தது. நெட்பால் பெண்கள் மதிப்பெண் அட்டை தூக்கிப் பிடித்தார்கள், பெல்லமிக்குத்தான் அதிகம். கிளப் கோட்டும் டையுமாக நடுவில் நின்ற வெய்ன், ஒவ்வொருவனாகக் கடக்கும்போது விறைப்பாக சல்யூட் அடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தான். பலகையில் அவன் பெயர் அதற்குள் காய்ந்திருந்தது.

எல்லாம் முடிந்து, கோரல் அக்கரைத் தங்கைக்குக் கேக் கொடுக்கப் பாலத்துக்குப் போனாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கைக்குப் பதில், வில்லமோன் அணியின் பின்காவல் ஆட்டக்காரன் ரிக்கி டூமி பைனாகுலரோடு நின்றிருந்தான்.

"என்னக்கா, ஊரே அம்மணமா ஓடுது? குளிர்ல புத்தி பெரண்டுபோச்சா?"

கோரல் பெருமையாகக் கதையைச் சொன்னாள். அந்த ஒரு டிரைக்காகப் பதினாறு பேரும் மானத்தை விட்டதை, வெய்ன் அழுததை, பலகையின் தங்க எழுத்தை.

ரிக்கி பைனாகுலரை மெல்ல இறக்கினான்.

"எந்த டிரைக்கா? பந்து அவன் கையவிட்டு நழுவி என் காலடியில வந்துல்ல விழுந்துச்சு. ரெஃபரி கண்ணுலயும் வெய்ன் கண்ணுலயும் சேறு, சரி, ஆனா அந்தப் பதினாறு பேரும் பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே சிரிச்சானுங்க!"