காற்றோட்டமான வீடு

மதிப்பிற்குரிய மைத்துனனுக்கு,

மதிப்பு என்ற சொல் கைப்பழக்கத்தில் விழுந்துவிட்டது. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்றால் இங்கே காகிதத்துக்கும் பஞ்சம். இருந்துவிட்டுப் போகட்டும். நீ சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. நீ அங்கே இருக்கிறாய், சௌக்கியமாகத்தான் இருப்பாய். நீ பார்த்துக் கொடுத்த வீட்டில் உன் அக்காவும் நானும் குடியேறி, உனக்கு ஏமாற்றமாக இருந்தாலும், இன்னும் உயிரோடு இருக்கிறோம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அச்சகத்தில் ஊரார் எழுதிய பிழையை எல்லாம் திருத்தித் தலை நரைத்தவன் நான். உன் கடிதத்தில் மட்டும் கோட்டை விட்டேன். உன் அக்காவின் மூச்சிழுப்புக்கு ஈரமில்லாத காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுவாரமே நீ இந்தப் பாலைவனத்துக்கு வந்து பார்த்துவிட்டு, "காற்றோட்டமான வீடு, தொந்தரவில்லாத அக்கம்பக்கம்" என்று எழுதினாயே, அதைத்தான் சொல்கிறேன். காற்று ஓடுகிறது, மறுக்கவில்லை. ஓடும்போது பாதிப் பாலைவனத்தையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறது. வந்து இறங்கிய அன்று வாசல் கதவு திறக்கவில்லை. பூட்டில் கோளாறு என்று சாவியை எண்ணெயில் எல்லாம் தோய்த்துப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மணல். சாமான் ஏற்றிவந்த லாரிக்காரர் கட்டில், பீரோ எல்லாவற்றையும் தெருவில் இறக்கிவிட்டு (தெரு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்) ஒரு மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். இது எங்கள் சாமான் இல்லையே என்றேன். "என்னோடதுதாங்க. நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவன் இன்னொருவனை ஏமாற்றினால் கண்ணில் மண்ணைத் தூவினான் என்பார்கள். பிழைப்பைக் கெடுத்தால் சோற்றில் மண்ணைப் போட்டான் என்பார்கள். இரண்டையும் நீ எனக்குச் சொல்லுக்குச் சொல் செய்துவிட்டாய். காலையில் கண்ணில், மத்தியானம் சோற்றில்.

அக்கம்பக்கம் என்று எழுதினாய். அக்கம் இல்லை, பக்கம் மட்டும் இருக்கிறது. ஒரே வீடு, ஓர் ஆட்டுக்காரர் வீடு. மனிதர் தொந்தரவில்லாதவர்தான், வாயே திறப்பதில்லை. ஆடுகள்தான் வருகின்றன. சாமான் பிரிக்கும்போது திறந்துவைத்த பெட்டியில் ஒன்று தலையை விட்டு என் அகராதியில் பகர வரிசை முழுவதையும் தின்றுவிட்டது. இனி எனக்குப் பொறுமை என்ற சொல்லுக்குப் பொருள் பார்க்க வழியில்லை. புகார் சொல்லப் போனால் ஆட்டுக்காரர் ஆட்டைத் தடவிக்கொடுத்து, காகிதம் அதற்கு வயிற்றுக்கு ஆகாதே என்று வருத்தப்பட்டார். தண்ணீர் லாரி நினைத்தபோது வரும். வந்தால் ஹாரன் அடிக்கும். அடித்த உடனே குடத்தோடு ஓடவில்லை என்றால் போய்விடும். பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் சோப்போடு நான் அதன் பின்னால் ஓடியதை ஆட்டுக்காரர் வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், ஆடுகள் உட்பட.

உன் அக்காவைப் பற்றிக் கேட்பாய். இந்த மணலுக்கே வாக்கப்பட்டு வந்தவள் மாதிரி இருக்கிறாள். ஜன்னலுக்கெல்லாம் ஈரத்துணித் திரை தைத்துவிட்டாள். ஆட்டுக்காரர் மனைவியோடு சேர்ந்து விறகு பொறுக்கப் போகிறாள். என்னோடு சீட்டாட ஆள் இல்லை, பேப்பர் இல்லை, சண்டை போடக்கூட ஒரு டீக்கடை இல்லை என்று சொன்னால், "அந்த மண்வெட்டிய எடுத்துட்டு வாங்க" என்பாள்.

அதனால்தான் போன வாரம் தபால் பெட்டி தேடிப் போகிறேன் என்று சொல்லி, பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடிப்போகவில்லை. பஸ் ரோட்டுக்கு நடந்து, உன் வீட்டுக்கு வந்து, உன்னிடம் நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்க நினைத்தேன், அவ்வளவுதான். பாதி வழியில் காற்று கிளம்பியது. துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு நடந்தேன், நடந்தேன், கடைசியில் கைக்கு ஒரு சுவர் தட்டுப்பட்டது. பஸ் ஸ்டாப் வந்துவிட்டது என்று சுவரைக் கட்டிக்கொள்ளாத குறை. அது எங்கள் குளியலறையின் பின்சுவர். உன் அக்கா வந்து பார்த்தாள். பையை வாங்கினாள், திறந்தாள். "தபால் பெட்டிக்கு எதுக்கு ரெண்டு சட்டை?" என்று மட்டும் கேட்டாள். சட்டைகளை உதறி, மடித்து, அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. மணலைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி, இதைப் பொறுக்க முடியவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் இந்த வீட்டை வாங்க ஓர் இளிச்சவாயனைத் தேடிப் பிடி. ஒருமுறை பிடித்தவன்தானே, உனக்குக் கைவந்த கலை. எங்களைத் திரும்ப அழைத்துக்கொள்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் மனமார்ந்த ஆசிகள். உனக்கானதை நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உன்னை நம்பிய அத்தான்

பி.கு.: தபால் வண்டி வராததால் கடிதம் என் தலைமாட்டிலேயே கிடந்தது. அதற்குள் நேற்று, நீ தேடாமலேயே, வீடு வேண்டும் என்று ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒவ்வோர் அறையாகக் காட்டினேன். கை குலுக்கும் நேரத்தில் உன் அக்கா விறகோடு உள்ளே வந்தாள். விறகைக் கீழே போட்டாள். "யாரைக் கேட்டு வீட்டைக் காட்டுனீங்க நான் செத்தா போயிட்டேன் அன்னைக்கு என்னைத் தனியா விட்டுட்டுப் போகப் பார்த்தீங்க இன்னைக்கு வீட்டையே விக்கப் பார்க்குறீங்க போறதுன்னா நீங்க போங்க நான் இங்கதான் இருப்பேன்" என்று ஆரம்பித்தாள். அது வெறும் ஆரம்பம். பழைய ஊரில் இருந்த காலமெல்லாம் என்னைத் திட்டுவதென்றால் அவளுக்குத் தவணை முறைதான். "யாரைக் கேட்டு" என்பாள், மூச்சு இழுக்கும், உட்கார்ந்து மருந்தை உறிஞ்சுவாள். மீதி வருவதற்குள் நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போயிருப்பேன். நேற்று ஓர் இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. நான் செருப்பைத் தேடவும் இல்லை. வீடு விற்பதற்கில்லை என்று வந்தவரை நானே அனுப்பிவிட்டேன். நீ யாரையும் தேட வேண்டாம். உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. இதற்கு மேல் எழுத நேரமில்லை. அவள் இன்னும் முடிக்கவில்லை, உள்ளே கூப்பிடுகிறாள்.