பட்டறைத் தெருவின் துரோகி

“என்னங்க, உங்க மேல டீசல் வாசனையே வரலையே?”

ஊருக்கெல்லாம் ‘பிஸ்டன்’ என்றே தெரிந்த மெக்கானிக், செருப்பைக் கழற்றக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி வாசலில் நின்று சொல்லிவந்தது ஒன்றே ஒன்றுதான்: “இந்த நாத்தத்தோட உள்ள வராதீங்க.” இன்றைக்கு நாற்றம் இல்லை என்பதற்காக அதே வாசலில் விசாரணை.

“குளிச்சிட்டு வந்தேன்.”

“எங்க?”

“பட்டறையிலதான்.”

“பட்டறைக் குழாய்ல காத்துதான் வருதுன்னு காலையிலகூடப் புலம்பினீங்க?”

பிஸ்டன் செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்தார். அவருக்குப் பொய் வராது என்றில்லை. வாடிக்கையாளர்களிடம் சரளமாக வரும். “நாளைக்கு வண்டி ரெடி” என்று கண்ணிமைக்காமல் சொல்வார். மனைவியிடம் மட்டும்தான் நாக்கு ஸ்டார்ட் ஆகாது.

விஷயம் இதுதான். அவரை நம்பி வந்துகொண்டிருந்த பள்ளி வேன்களின் முதலாளி, எல்லா வேன்களையும் பேட்டரி வண்டிகளாக மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார். “கத்துக்கிட்டா நீயே பாரு. இல்லன்னா வேற ஆளைத் தேடிக்கறேன்.” அந்த வேன்கள் போய்விட்டால் பிஸ்டனின் பட்டறையில் மிஞ்சுவது ஒரு ஸ்டூலும் ஒரு காலண்டரும். ஊருக்கு வெளியே அரசு மானியத்தில் ஒரு பயிற்சி மையம் இருந்தது. பேட்டரி வண்டி, எரிவாயு வண்டி, இனிமேல் வரப்போகிற வண்டி எல்லாவற்றுக்கும் அங்கே மாலை வகுப்பு. இலவசம். சான்றிதழும் உண்டு. போன வருஷம் தெரு முழுக்க நோட்டீஸ் கொடுத்தார்கள். கை துடைக்க மிகவும் வசதியாக இருந்தது.

இப்போது சேரலாம் என்றால் பட்டறைத் தெரு மெக்கானிக்குகள் சங்கம் குறுக்கே நின்றது. சங்கத் தலைவர் தெருவையே கூட்டி, நடுவில் ஒரு பழைய லாரி இன்ஜினை வைத்து, எல்லோரையும் அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்.

“எவனாவது அந்த மையத்துப் பக்கம் போனான்னு தெரிஞ்சுது, அவன் ஷட்டர்ல என் பூட்டு தொங்கும்!”

தெருவிலிருந்த கடைகள் எல்லாம் சங்கத்தின் இடம். தலைவர் பூட்டினால் பூட்டியதுதான். இன்ஜினின் மேல் முதலில் கை வைத்தவர் பிஸ்டன். மறுநாள் மாலையே போய் வகுப்பில் சேர்ந்தவரும் அவர்தான்.

பொழுது சாய்ந்ததுமே தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கிவிடுவது அவருக்கு வசதியாகப் போயிற்று. தொழில் அவ்வளவு மந்தம், பாவம் என்று பரிதாபப்பட்டுக்கொண்டு, சந்துகளுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போவார்.

“கேக்கறேன்ல?” என்றாள் மனைவி.

“இன்னிக்கு வேலை இல்லம்மா. அதான் வாசனையும் இல்ல.”

அவள் நம்பவில்லை என்பது சாதம் போட்ட வேகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் பிஸ்டன் முன்யோசனையோடு நடந்துகொண்டார். வகுப்பு முடிந்ததும் மையத்தின் பின்பக்கம் போய், பட்டறையிலிருந்து எடுத்து வந்த டப்பாவைத் திறந்து, கழுத்திலும் கையிலும் பவுடர் பூசுவதுபோல் எண்ணெயைப் பூசிக்கொண்டார். வீட்டு வாசலில் மார்பை நிமிர்த்தி நின்றார்.

மனைவி மோந்து பார்த்தாள். அவள் லாரி ஓட்டுநரின் மகள்.

“இது டீசல் இல்லையே. கியர் ஆயில்.”

“ஆமா... நெடுஞ்சாலையில ஒரு லாரி நின்னு போச்சு. கியர்பாக்ஸைக் கழட்ட வேண்டியதாப் போச்சு.”

“தனியாவா? அந்த இடுப்பை வச்சுக்கிட்டா?”

“என்ன பண்றது? தொழில்னு வந்துட்டா இடுப்பைப் பாக்க முடியுமா?”

“நாளைக்கும் போகணுமா?”

“தினமும் போகணும். அது... ரொம்பப் பெரிய லாரி.”

அவள் கண் கலங்கிவிட்டது. பிஸ்டனுக்குக் குற்ற உணர்ச்சி ஏற்பட ஆரம்பித்தது. அது முழுதாக ஏற்படுவதற்குள் அவள் தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். தம்பியும் பட்டறைத் தெருதான். கிளட்ச் பிரிப்பதில் கெட்டிக்காரன் என்பதால் பெயரும் கிளட்ச்.

“டேய், மாமா தன்னந்தனியா கியர்பாக்ஸ் தூக்கறாருடா. நாளையிலேர்ந்து சாயங்காலம் நீயும் கூடப் போ.”

பிஸ்டன் போன் பக்கம் காதை நீட்டினார். போனில் கிளட்ச்சின் குரல் கேட்டது: “சாயங்காலம் முடியாதுக்கா. பல் டாக்டர்கிட்டப் போறேன்.”

“தினமுமா? உனக்கு எத்தனை பல்லுடா?”

“ஒவ்வொண்ணாப் பாக்கறாங்கக்கா.”

மச்சானின் பற்களுக்கு பிஸ்டன் மனதுக்குள் நன்றி சொன்னார்.

வகுப்பில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு முதல் நாளே போய்விட்டிருந்தது. பேட்டரி வண்டியில் மின்சாரம் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்பதால், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி முகமூடி, முழங்கை வரை ரப்பர் கையுறை எல்லாம் கொடுத்திருந்தார்கள். பிஸ்டன் வாசலிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆச்சரியம், மற்றவர்களும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கேட்டால் ஒவ்வொருவரும் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்கள்.

“இது வெறும் பாடம்தாங்க. கரும்பலகையில கரண்ட் இல்ல. கழட்டிட்டே உக்காரலாம்,” என்றார் வாத்தியாரம்மா. இளம் பொறியாளர், சிரிப்பை அடக்கத் தெரியாதவர்.

“பாதுகாப்புதான் முக்கியம் மேடம்,” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. எல்லா முகமூடிகளும் ஆமோதித்து ஆடின.

இவ்வளவு ஒழுக்கமான ஆட்களைப் பட்டறைத் தெருவில் பார்க்கவே முடியாது என்று பிஸ்டன் நினைத்துக்கொண்டார்.

“போன வருஷம் நாற்காலியெல்லாம் காலியாக் கிடந்தது,” என்று வாத்தியாரம்மா அடிக்கடி உருகுவார். “இந்தத் தடவையும் நிரம்பலன்னா மானியம் திரும்பிப் போயிருக்கும். எங்கேர்ந்துதான் வந்தீங்களோ, நல்லா இருங்க.”

பிஸ்டனுக்குப் படிப்பு பிடித்துப்போயிற்று. குறிப்பாக ஒரு விஷயம். வண்டியில் கை வைக்கும் முன் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் வடியும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். பேசக்கூடத் தேவையில்லை. சுத்தியல் சத்தத்திலேயே தலை நரைத்தவருக்கு, ஒரு இயந்திரத்தின் பக்கத்தில் இப்படி அமைதியாக நிற்கலாம் என்பதே புதுச் செய்தி. இத்தனை வருஷம் எதை அடித்துக்கொண்டிருந்தோம் என்று யோசிப்பார். விடை வருவதற்குள் மின்சாரம் வடிந்துவிடும்.

அப்போதுதான் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. வரிசையாக முகமூடிகள். கீழே, “மானியத்தால் மலர்ச்சி: பட்டறைத் தெருவிலிருந்தும் ஆர்வத்துடன் வருகிறார்கள்” என்று ஒரு வரி.

தெரு கொந்தளித்தது. தலைவர் வெள்ளை மீசையை முறுக்கிக்கொண்டு அவசரக் கூட்டம் போட்டார்.

“நம்ம உப்பைத் தின்னுட்டு அங்க போய் பேட்டரியைத் தடவறான் ஒருத்தன்! யாருன்னு தெரியாம விடமாட்டேன்!”

“பூட்டு போதாது தலைவரே, ஷட்டரை வெல்டிங் வச்சே மூடணும்!” என்று கத்தினார் ரேடியேட்டர் வேலை பார்ப்பவர்.

“அவன் போர்டையும் பிடுங்கணும்!” என்று கத்தினான் கிளட்ச்.

“பிடுங்கி உடைக்கணும்!” என்று எல்லோரையும் விட உரக்கக் கத்தினார் பிஸ்டன். கத்தும்போதே சொந்த போர்டு ஞாபகம் வந்தது. போன மாதம்தான் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்.

கூட்டம் கலைந்ததும் தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிஸ்டன், இந்தத் தெருவுல உன்னை மட்டும்தான் நான் நம்பறேன்.”

“சொல்லுங்க தலைவரே.”

“நீயே ரகசியமா அந்த மையத்துக்குப் போ. படிக்கறவன் மாதிரி நடி. துரோகி யாருன்னு கண்டுபிடி.”

பிஸ்டனுக்கு மூச்சு வந்தது. கூடவே இருமலும் வந்தது.

“ஒரு நாள்கூட வகுப்பை விட்டுடாதே. நீ போகாத அன்னிக்குன்னு பாத்து அவன் வருவான். பாடத்தையும் ஒழுங்காப் படி, சந்தேகம் வரக் கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடாதே.”

“சரி தலைவரே.”

“ஆனா பேரோட வரணும். வெறுங்கையோட வந்தே, உன்மேலயே எனக்குச் சந்தேகம் வந்துடும்.”

நடிக்க அனுமதி கிடைத்தது நல்லதுதான். ஆனால் துரோகியைத் தேடிப் போனால் கண்ணாடியில் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. தன் பெயரைத் தானே எப்படிக் கொடுப்பது? அடுத்தடுத்த நாட்களில் பிஸ்டன் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அமைதியிலெல்லாம் இதையே யோசித்தார். கடைசியில் வெட்கத்தைவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். பக்கத்தில் நிற்கும் ஆள், மூக்கால் பேசுகிறவர், எந்த ஊரோ என்னவோ. அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவைத்துக்கொண்டால் அடையாளம் சொல்லிவிடலாம். பட்டறைத் தெருவில் அவருக்குக் கடை இருக்கப்போவதில்லை; பூட்டுவதற்கு ஷட்டரும் இருக்காது. யாருக்கும் நஷ்டமில்லை.

செயல்முறைத் தேர்வு நாள் வந்தது. ஜோடி ஜோடியாக வேலை. வாத்தியாரம்மா மதிப்பெண் தாள்களை எடுத்துவர அலுவலக அறைக்குப் போயிருந்தார். பிஸ்டன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குரலை மாற்றிக் கேட்டார்:

“அண்ணே, உங்களுக்கு எந்தப் பக்கம்?”

“உங்களுக்கு எந்தப் பக்கம்?” என்றது மூக்கு.

“நான்தான முதல்ல கேட்டேன்?”

“நான் கேக்கலாம்னு இருந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க.”

பிஸ்டன் ஓர் அடி நெருங்கினார். “உங்க கண்ணாடியில தூசி இருக்கு. துடைச்சு விடட்டுமா?”

“உங்க கண்ணாடியிலதான் மண்ணே இருக்கு. காட்டுங்க.”

இரண்டு ஜோடி ரப்பர் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. கொஞ்ச நேரம் அது துடைப்பதுபோல்தான் இருந்தது. பிறகு இழுபறி. இரண்டு முகமூடிகளும் சேர்ந்து தரையில் உருண்டன.

“மாமா!”

“ஏண்டா, பல் டாக்டர்கிட்டப் போகல?”

“நீங்க கியர்பாக்ஸ் தூக்கப் போகல?”

“வாயைக் காட்டுடா, எந்தப் பல்லைப் பாத்தாங்க? நானே பாத்து விடறேன்!”

“ஆக, துரோகிங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம்!” என்று பின்னாலிருந்து கர்ஜித்த ஒருவர், ஆத்திரத்தில் தன் முகமூடியைத் தூக்கிவிட்டார். ரேடியேட்டர்காரர்.

“வெல்டிங் வைக்கணும்னு கத்தினியே, நீ இங்க என்ன பண்றே?” என்றார் பிஸ்டன்.

ரேடியேட்டர்காரர் மெதுவாக முகமூடியை மறுபடி இறக்கிப் பார்த்தார். பயனில்லை. அதற்குள் ஒவ்வொரு முகமூடியாக உயர்ந்துகொண்டிருந்தது. டயர், பஞ்சர், பெயின்ட், ஹாரன். கடைசி வரிசைக் கீச்சுக் குரல், தெருவிலேயே தடித்த குரல் படைத்த டிங்கர். பட்டறைத் தெரு மொத்தமும், கையில் ரப்பர் உறையோடு, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றது.

“நான் உளவு பாக்க வந்தேன்,” என்றார் டயர். “தலைவர் என்னை மட்டும்தான் நம்பினாரு.”

“என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு,” என்றான் கிளட்ச்.

“உன்னையுமா? உன்னை உங்க அக்காவே நம்ப மாட்டாளே!” என்றார் பிஸ்டன்.

“ஒரு நாள்கூட விடாதேன்னாரு,” என்றார் பஞ்சர்.

“பாடத்தை ஒழுங்காப் படின்னாரு,” என்றார் ஹாரன்.

“எல்லாரும் உளவுன்னா, துரோகி யாரு?” என்று கேட்டார் டிங்கர்.

பத்திரிகையில் படம் வந்த பிறகுதான் உளவு ஆரம்பித்தது. படத்திலோ நாற்காலிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அந்தக் கணக்கு ஒவ்வொருவர் முகத்திலும் ஓடுவது தெரிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிஸ்டனுக்குத் திடீரென்று எல்லோர் மேலும் பாசம் பொங்கியது. இத்தனை பேரும் தன்னைப் போலவே பயந்து, தன்னைப் போலவே சந்துகளில் பதுங்கி, ஒருவேளை எண்ணெயும் பூசிக்கொண்டு...

“இப்போதைக்குத் துப்பு சரியாக் கிடைக்கல,” என்று தொண்டையைச் செருமினான் கிளட்ச். “சான்றிதழ் வாங்கற வரைக்கும் தேடினாத்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்.”

“நியாயம்,” என்றார்கள் எல்லோரும்.

“அது சரி, தலைவர் பேர் கேட்டாரே?” என்றார் பிஸ்டன். “இப்ப யார் பேரைச் சொல்றது? தெரு பூராவும் பூட்டிடுவாரேடா!”

அத்தனை முகங்களும் தொங்கிப்போயின. எத்தனை ஷட்டர், எத்தனை குடும்பம். தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த, மையத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா, இழவு வீடு மாதிரி நின்றவர்களைப் பார்த்துத் திகைத்தாள்.

“எந்தத் தலைவரு? வெள்ளை மீசையை முறுக்கிக்கிட்டே இருப்பாரே, அவரா?”

“அவரேதாம்மா. நாங்க இங்க படிக்கறது தெரிஞ்சா எங்க பொழைப்பே போச்சு.”

அவள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த தேநீர் பாதி தளும்பிவிட்டது.

“அடப் பாவிகளா, இந்த மையத்துக்கு மானியம் கேட்டு நடையா நடந்ததே அவருதானே! போன வருஷம் ஒருத்தரும் வரலன்னதும், ‘எங்க தெரு ஆளுங்களை வான்னு கூப்பிட்டா வரமாட்டாங்கம்மா, வரக் கூடாதுன்னு நான் சொல்லிக்கறேன், நீங்க நாற்காலியை மட்டும் தொடைச்சுப் போட்டு வைங்க’ன்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனாரு!”