வீடாவிடம் கறந்த ரகசியம்

நன்றித் திருநாள் விருந்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கும்போது அலோன்சோவின் மனைவி வெர்டெல் வேலைநிறுத்தம் அறிவித்தாள்.

"இந்தத் தடவை நான் சர்க்கரைவள்ளி செய்யப்போறதில்ல."

அலோன்சோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். தார்பரோ ஊரில் முப்பது வருஷமாக சலூன் வைத்திருப்பவன் அவன். அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் வீட்டுக் கதையைக் கொட்டாமல் எழுந்து போனதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது வேறென்ன செய்வார்கள் என்று ஊர் சொல்லும். எல்லாம் தன் பேச்சு சாமர்த்தியம் என்று அலோன்சோ சொல்வான்.

"வான்கோழி இருக்கும், பக்கத்துல வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுச் சுட்ட சர்க்கரைவள்ளி இருக்காதா? அதுக்குப் பேரு விருந்தா?"

"இருபத்தாறு வருஷமா சுடுறேன். வருஷாவருஷம் ஒரு வாய் போட்டுட்டு, கண்ணை மேல உருட்டி, 'நல்லாத்தான் இருக்கு, ஆனா எங்கம்மா செஞ்ச மாதிரி வராது'ங்கற. இந்த வருஷம் நம்ம பையன் ராஸ்கோ கட்டிக்கப்போற பொண்ணைக் கூட்டிட்டு வர்றான். அவ முன்னாடியும் சொல்லுவ. உங்கம்மா பக்குவம் வேணும்னா உங்கக்காகிட்ட போய்க் கேளு. இல்லேன்னா கடையில டப்பாவுல அடைச்சு விக்கிறான். அதைத் திறந்து கொட்டி வைக்கிறேன்."

டப்பா என்றதும் அலோன்சோவுக்கு உடம்பு நடுங்கியது. அக்கா என்றதும் இன்னும் கொஞ்சம் நடுங்கியது.

அக்காவின் பெயர் வீடா. அவளோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவை அடக்கம் செய்த அன்று, வீடா ராத்திரியெல்லாம் அழுதுவிட்டு, விடிந்ததும் எழுந்து, அம்மாவின் நீளத் தட்டிலேயே சர்க்கரைவள்ளி சுட்டுத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தாள். அலோன்சோ ஒரு வாய் வைத்தான். சபை முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, "இது அம்மா கை இல்ல" என்றான். வீடா அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். பிறகு அவன் தட்டு. பிறகு பரிமாறிக்கொண்டிருந்த அந்த நீளத் தட்டையே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். வரிசையில் நின்றவர்கள் வெறும் தட்டோடு நின்றார்கள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இடதுபக்க பெஞ்சு, இவன் வலதுபக்க பெஞ்சு.

"கேக்கணுமா? நானா? கேக்க மாட்டேன் வெர்டெல், கறந்துட்டு வருவேன். அவளுக்கே தெரியாம. முடி வெட்டுறவன் முடியாதுன்னு சொல்லக்கூடாது. அரை மணி நேர வேலை!"

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு வெர்டெல் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள்.

சலூனுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அலோன்சோ வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினான். 'வீடா இது?' என்று கேட்கிற மாதிரி இருந்தது வீடாவின் வீடு. கணவர் காலமான பிறகு அதற்கு ஒரு ஆணி அடிக்கவும் ஆளில்லை. வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

வீடா வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வண்டிக்கு என்ன?"

"நின்னுபோச்சு."

"எஞ்சின் ஓடிட்டிருக்கே?"

நிறுத்த மறந்துவிட்டான். "இப்பத்தான்... ஓட ஆரம்பிச்சுது."

"அப்ப கிளம்பு."

"அக்கா..."

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வெளியே வந்தது. வந்த வார்த்தைக்கும் கூச்சம், சொன்னவனுக்கும் கூச்சம். வீடா கட்டிய கையை அவிழ்த்து வாசல்படியைக் காட்டினாள்.

"வந்தது வந்துட்ட. படியில ரெண்டு பலகை உளுத்துக் கெடக்கு. சுத்தியல் உள்ள இருக்கு."

மத்தியானத்துக்குள் படியை முடித்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, சலூனில் பேசுகிற குரலில் மெதுவாகத் தூண்டில் போட்டான்.

"ஏன்க்கா, அம்மா சர்க்கரைவள்ளி சுடுவாங்களே, அதுல முதல்ல என்ன போடுவாங்க?"

"சர்க்கரைவள்ளி."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த திங்கக்கிழமை. கூரைத் தகரம் ஒண்ணு காத்துல அடிச்சுக்குது."

வீட்டுக்கு வந்து, "முதல் ரகசியம் கையில வந்தாச்சு" என்று மார்தட்டினான். "என்ன அது?" என்றாள் வெர்டெல். "பாதியில சொல்லக்கூடாது" என்றான். கையில் மூன்று கொப்புளம்.

இரண்டாம் திங்கள் கூரை. கீழே நின்றபடி வீடா சொன்னாள்: "கிழங்கை வேகவைக்கக் கூடாதுடா. தண்ணியில போட்டா இனிப்பெல்லாம் தண்ணிக்குப் போயிடும். தோலோட சுட்டு, அப்புறம் உரிக்கணும்." மூன்றாம் திங்கள் புகைபோக்கி. கரியப்பிய முகத்தோடு இறங்கியவனுக்கு வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் கிடைத்தன. நான்காம் திங்கள் ஆறு ஜன்னலைச் சரிசெய்ததற்கு ஒரே ஒரு ஜாதிக்காய்.

ஐந்தாம் திங்கள் சமையலறைக் கதவு. அன்று அவன் ரகசியத்தைக் கேட்கவே மறந்துபோனான். அவன் போட்ட படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து சோளரொட்டி தின்றார்கள்.

"அம்மா புகையிலைக் கொட்டகையிலேர்ந்து வருவாங்களே, கையெல்லாம் பிசினா," என்றாள் வீடா. "மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் அடுப்புப் பக்கமே போவாங்க."

"சுட்ட தட்டோட ஓரத்துல பாகு பொங்கிக் கருகி ஒட்டிக்கிட்டு இருக்குமே. அதுக்கு நாம கரண்டியால சண்டை போட்டது!"

"என் கரண்டியை நீ கடிச்ச."

"நீ என் விரலைக் கடிச்ச!"

"அம்மா விரலால நடுவுல ஒரு கோடு இழுப்பாங்க. 'இதுதான் ஆறு. இக்கரை உனக்கு, அக்கரை அவனுக்கு. தாண்டினா முதுகு பழுத்துடும்.'"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கையிலிருந்த ரொட்டியைப் பிட்டு, பெரிய பாதியை அவளிடம் நீட்டினான்.

விருந்து வாரத்துத் திங்கள்கிழமை அவன் போனபோது வேலை எதுவும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேருமாகக் கிழங்கை உரித்தார்கள், பிசைந்தார்கள், சுட்டார்கள். வீடா ஓரத்தைச் சுரண்டி முதல் கரண்டியை அவனிடம் நீட்டினாள்.

வாயில் போட்டதும் அலோன்சோ கண்ணை மூடிக்கொண்டான். அம்மா கையேதான்.

"அக்கா, அன்னைக்கும் இப்படித்தான் செஞ்சியா?"

"ஒரு சிட்டிகை மாத்தல."

"பின்ன எனக்கு ஏன் அப்படி..."

"அன்னைக்கு உனக்கு எதைக் கொடுத்திருந்தாலும் ருசிச்சிருக்காதுடா. எனக்கே மண்ணு மாதிரி இருந்துச்சு."

"நான் அப்படிச் சொன்னது தப்புக்கா. அத்தனை பேர் முன்னாடி."

"தப்புதான். சாப்பிடு." கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள். "கடைசியா ஒண்ணு இருக்கு. அரை டம்ளர் ஆரஞ்சுச் சாறு. வெளியில மூச்சு விடாத."

வீட்டுக்குள் நுழையும்போதே அலோன்சோ கத்தினான்: "வெர்டெல்! எழுதிக்கோ! கறந்துட்டேன்!"

வெர்டெல் எழுதவில்லை. மேஜையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் தோலோடு சுடுவதிலிருந்து ஆரம்பித்து ஜாதிக்காய் வரை வந்து, குரலைத் தாழ்த்தினான்.

"கடைசியா, இந்த உலகத்துல எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத ஒண்ணு..."

"ஆரஞ்சுச் சாறு. அரை டம்ளர்."

அலோன்சோவின் வாய் திறந்தபடி நின்றது. "உனக்கு... எப்படி?"

"ராஸ்கோ பொறந்தப்ப உங்கம்மாதான் வந்து சொல்லிக் கொடுத்தாங்க. அன்னையிலேர்ந்து அப்படியேதான் செய்றேன்."

"அப்ப இத்தனை வருஷமா நான் 'அம்மா மாதிரி வராது'ன்னு சொல்லிச் சொல்லித் தின்னது?"

"அதேதான்."

அவன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "அப்புறம் எதுக்கு என்னை ஆறு வாரம் அலைய விட்ட?"

"உங்கக்காவோட நான் பேசாத வாரமே இல்ல. மழை பேஞ்சா கூரை ஒழுகி, கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டுக்கிட்டிருந்தா. நீயாப் போக மாட்ட. அவளாக் கூப்பிட மாட்டா. நான் போன்னு சொன்னா என்னிக்காவது போயிருக்கியா? வியாழக்கிழமை அவ இங்கதான் சாப்பிடுறா. சர்க்கரைவள்ளி அவ கொண்டுவர்றா."

கோபப்பட வேண்டும் என்று அலோன்சோவுக்குத் தெரிந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை வீடா அம்மாவின் நீளத் தட்டோடு வந்தாள். அலோன்சோ மூன்று முறை வாங்கித் தின்றான். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராஸ்கோ கட்டிக்கொள்ளப்போகிற பெண் வீடாவிடம் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள், ஐந்தே நிமிஷத்தில். விருந்து முடிந்து வீடாவை அனுப்பிவைக்க எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். போகும்போது அவள் தம்பியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை அவன் கையசைத்துக்கொண்டே நின்றான்.

"அலோன்சோ," என்றாள் வெர்டெல், அவளும் கையசைத்தபடியே. "அக்கா வீட்டு வேலி சாய்ஞ்சு கெடக்காம். திங்கக்கிழமை சும்மாவே போறியா, இல்ல வான்கோழியிலயும் ஏதாவது ரகசியம் இருக்குன்னு சொல்லணுமா?"