மாலதியின் வலது கண்ணும் மஸ்கட் லென்ஸும்

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அன்பு மைத்துனர் அரவிந்தனுக்கு, பாபநாசத்திலிருந்து உன் அத்தான் துரைராசு ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே உன் அக்கா வள்ளியம்மை, நான், மாடுகள் இரண்டு, எல்லோரும் சுகம். என் மகள் மாலதியின் வலது கண் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய, கண்ணுக்குள் போட்டுக்கொள்ளும் லென்ஸைத்தான் சொல்கிறேன். ஆடிக் கடைசியில் பிள்ளைக்குக் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது, மெட்ராஸ் ஐதான் என்று நான் உறுதியாகச் சொல்லி மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் பத்து நாள் விட்டேன், வெளிச்சம் பட்டாலே அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துத் துடித்த பிறகு தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம், அங்கே டாக்டரம்மா கருவிழியைச் சுரண்டிப் பரிசோதித்துவிட்டு அமீபா என்றார். பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருக்குமே, அந்த ஜாதிதான்.

"லென்ஸில தண்ணி பட்டுச்சா? ஆத்துத் தண்ணி, குழாத் தண்ணி எல்லாத்துலயும் இது இருக்கும். லென்ஸில ஒட்டிக்கிட்டா கருவிழிக்குள்ள எறங்கிடும்."

மாலதி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒரு சொட்டு படலைங்க. எம் பொண்ணு சோப்புப் போட்டுக் கை கழுவித் தொடைச்சுட்டுதான் டப்பாவையே தொடுவா. இது மஸ்கட்லேந்து வந்த பூச்சிங்க."

"பட்டிருக்கணும் சார்."

"இல்லைங்கறேன்ல!"

நான் விடுவேனா? இப்போதைக்கு மணிக்கொரு தரம் மருந்து, மாசக்கணக்கில் வைத்தியம், பார்வை முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டரம்மா. திரும்பும், நான் சொல்கிறேன். நீ அங்கே லென்ஸ் விற்ற கடைக்காரனைப் பார்த்து நாலு வார்த்தை சூடாகக் கேட்டுவிட்டு வா.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அண்டாமலிருக்கட்டும், அந்த வெயிலில் ஒரு மழையாவது பெய்யட்டும்.

இப்படிக்கு,
அத்தான் துரைராசு

பின்குறிப்பு: பதினெட்டாம் பெருக்கன்று காவேரிப் புதுத்தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து, வழக்கம்போல் டிராக்டர், மோட்டார், விதைமூட்டை எல்லாவற்றிலும் தெளித்தேன். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீர் பட்டுவிடும் என்று மாலதி கழற்றி வைத்துவிட்டுப் போன லென்ஸ் டப்பா மேஜைமேல் இருந்தது. பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் காவேரி வேண்டாமா என்று வலது பக்கத்து மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டேன். இடது பக்கம் திறப்பதற்குள் உன் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். இப்போது நான் மருந்து விடும்போதெல்லாம் மாலதி, "நான்தான் எங்கயோ கவனக்குறைவா இருந்துட்டேன், மன்னிச்சிருங்கப்பா" என்கிறாள். என்னால் கேட்க முடியவில்லை. நீ போன் செய்து உண்மையைச் சொல்லிவிடு. எத்தனை மணிக்கு என்பதை மட்டும் எனக்கு முன்னதாகத் தெரிவி, நான் வயலுக்குப் போய்விடுகிறேன்.